கொழும்பும் விகனும்: இசைத்தட்டு அபிமானத்தின் இரு சரித்திரங்கள்

இசையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பாடினவரையும் மெட்டமைத்தவரையும் பாட்டெழுதினவரையும் பற்றி விஸ்தாரமாகப் பேசுவார்கள். சபாக்களைப் பற்றியும் ரசிகர்களைப் பற்றியும் தனித்தனி அத்தியாயங்கள் இருக்கும். ஆனால் பிறர் பாடிய பாட்டைத் தட்டில் ஓடவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் நான்கு வார்த்தை பேசி, எது நாளைக்கும் நிலைக்கும், எது இன்றோடு மறக்கப்படும் என்பதை அறிந்தோ அறியாமலோ தீர்மானித்துவந்த டிஸ்க் ஜாக்கிகளைப் பற்றி ஓரிரு வரிகளோடு நின்றுவிடுவதே வழக்கம். இங்கிலாந்தின் வடபகுதியில் 1970களில் கிளர்ந்த 'நார்தர்ன் ஸோல்' என்னும் இசை இயக்கம் முழுக்க முழுக்க இத்தகையோரின் அபிமானத்தால் உருவானது. தமிழில் அதற்கு இணை தேடுவோர் சென்னையில் தேடிப் பயனில்லை. கடலுக்கு அப்பால் கொழும்பில் தேட வேண்டும். இரண்டிலும் இசை பிறந்த இடம் ஒன்று, அது போற்றப்பட்ட இடம் வேறு. பிறந்த நாட்டில் வியாபாரத்தாலோ அதிகாரத்தாலோ ஒதுக்கப்பட்ட தட்டுகள் அயல்நாட்டில் வாழ்வு பெற்றன என்பதும் இரண்டுக்கும் பொது. ஆயினும், தட்டின்மேல் அச்சிட்டிருந்த பெயரை அவ்விரு சாராரும் கையாண்ட விதம் நேர் எதிரானது என்பதும், ரசிக சமுதாயங்கள் இரண்டின் குணபேதமும் அதிலிருந்தே பிறந்தது என்பதும் எமது அபிப்பிராயம்.

முதலில் இங்கிலாந்தின் கதையைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். அமெரிக்காவில் 1960களின் நடுவில் டெட்ராய்ட் முதலிய நகரங்களில் கறுப்பின மக்களின் ஸோல் பாடல்கள் ஆயிரக்கணக்கில் பதிவாயின. மோட்டவுன் போன்ற பெரிய நிறுவனங்களின் தட்டுகள் உலகமெங்கும் பரவ, அவற்றின் பாணியைப் பின்பற்றிச் சிறு நிறுவனங்கள் வெளியிட்டவை விற்காமல் கிடங்குகளில் தேங்கின. மான்செஸ்டர் நகரின் 'ட்விஸ்டட் வீல்' என்னும் இரவு விடுதியில் ராஜர் ஈகிள் என்பவர் அமெரிக்கக் கறுப்பின இசையைச் சுழலவிட்டு ஒரு ரசிகர் கூட்டத்தை உண்டாக்கினார். தசாப்தத்தின் இறுதியில் அமெரிக்க ரசனை வேறு திசையில் திரும்பிவிட்டது. வட இங்கிலாந்தின் ஆலைத்தொழிலாளர் இளைஞர்களோ பழைய துரித தாளத்தை விட மறுத்தார்கள். லண்டனில் தட்டுக்கடை வைத்திருந்த டேவ் காடின் என்னும் பத்திரிகையாளர், வடக்கிலிருந்து வந்து பழைய பாணித் தட்டுகளையே கேட்டு நின்ற வாடிக்கையாளரைக் கண்டு அந்த ரசனைக்கு 'நார்தர்ன் ஸோல்' என்று பெயரிட்டு, 1970இல் அதைத் தம் பத்தியிலும் எழுதினார். 1973 செப்டம்பர் 23ஆம் தேதி விகன் என்னும் ஊரின் 'காசினோ' நடன மண்டபத்தில் விடிய விடிய நடக்கும் ஆட்டம் தொடங்கியது. மதுவிற்பனை இல்லாத அந்த மண்டபத்தில், வழுக்காமலும் ஒட்டாமலும் சுழன்றாட வேண்டி மரத்தரையில் முகப்பவுடரைத் தூவிக்கொண்டு, காலை எட்டு மணிவரை ஆடினார்கள். 1981 டிசம்பரில் அம்மண்டபம் மூடப்பட்டது.

இந்த இயக்கத்தில் பாடகர் யாரும் நாயகரல்லர். தட்டைத் தேடிக் கொணர்ந்தவரே நாயகர். பிளாக்பூல் மெக்கா அரங்கின் இயன் லெவின், விகனின் ரிச்சர்ட் ஸெர்லிங் முதலியோர் அமெரிக்கா சென்று, கழித்துப்போட்ட தட்டுகளை மூட்டை மூட்டையாகப் புரட்டி, எவரும் கேளாத ஒரு பாட்டைக் கண்டெடுப்பதையே தவமாகக் கொண்டனர். அப்படிக் கிடைத்த தட்டு இன்னொருவர் கைக்கும் எட்டிவிட்டால் மவுசு போய்விடும் அல்லவா? ஆதலால் நடுவட்டச் சீட்டின்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி, பாடகருக்கும் பாட்டுக்கும் பொய்ப்பெயர் சூட்டி அறிவிப்பது அவர்களிடையே சம்பிரதாயமாயிற்று. எதிர் முகாமைச் சேர்ந்தவர் மேடையருகே வந்து எட்டிப் பார்த்தாலும் விஷயம் வெளியாகாது. இதன் விளைவாக, உண்மையில் பாடினவர் கடலுக்கு அப்பால் வேறொரு தொழில் பார்த்துக்கொண்டிருக்க, அவர் குரல் இல்லாத ஒருவர் பெயரில் ஆயிரக்கணக்கானோரை ஆட்டுவித்தது. பிராங்க் வில்சன் 1965இல் மோட்டவுனுக்காகப் பாடிய ஒரு பாட்டு வெளியிடப்படாமலே அழிக்கப்பட, தப்பிய பிரதிகள் இரண்டே எனச் சொல்லப்பட்டது. முதலில் எட்டி ஃபோஸ்டர் என்ற வேறொரு பெயரில் மறைந்து உலவிய அப்பாட்டின் ஒரு பிரதி 2009இல் 25,742 பவுனுக்கு விலைபோயிற்று. இசைமீதுள்ள அபிமானம் எங்கே முடிந்து பொருள்மீதுள்ள ஆசை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டுவது கடினமே.

கொழும்பின் கதை இதற்கு வெகுகாலம் முந்தியது. அங்கே ஒலிபரப்பே இசைத்தட்டோடு பிறந்ததென்றால் மிகையாகாது: 1920களின் முற்பகுதியில், தந்தி இலாகாவின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் முதலியோர், முதல் மகாயுத்தத்தில் கைப்பற்றிய ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக்கொண்டு பரிசோதனையாக ஒலிபரப்பியது கிராமபோன் சங்கீதத்தையே. 1925 டிசம்பரில் முறையான நிலையம் உண்டாயிற்று. பிரிட்டனில் முதல் டிஸ்க் ஜாக்கி எனப்படும் கிறிஸ்டோபர் ஸ்டோன் பி.பி.சி.யில் தட்டு போடத் தொடங்கியதோ 1927இல்தான். இரண்டாம் யுத்தத்தில் தென்கிழக்காசியப் படைகளுக்கென ஏற்பட்ட 'ரேடியோ ஸீக்', எக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பியையும் திரளான இசைத்தட்டுகளையும் இலங்கைக்கு விட்டுச் சென்றது. ஒரு சிறு தீவுக்குத் தேவையானதைவிட எத்தனையோ மடங்கு வலிமை படைத்த அந்த ஒலிபரப்பிதான், 1950இல் ஆஸ்திரேலியரான கிளிஃபோர்ட் டாட் முன்னின்று நடத்திய வர்த்தக ஒலிபரப்பு இந்தியாவை நோக்கித் திரும்பக் காரணமாயிற்று.

அச்சமயத்தில் இந்தியாவிலிருந்தே எதிர்பாராத உதவி ஒன்று வந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு மந்திரியான பி. வி. கேஸ்கர், சாஸ்திரிய சங்கீதத்தில் அளவற்ற பற்றும் சினிமாப் பாட்டின்மேல் அளவற்ற அருவருப்பும் உடையவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குரிய நேரம் குறைக்கப்பட்டது. மிஞ்சியதிலும், படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று கருதி அதை அறிவிக்கலாகாது என்று விதித்தனர். தயாரிப்பாளர்கள் வெகுண்டு உரிமத்தையே திரும்பப் பெற்றுக்கொள்ள, சினிமாப் பாட்டு அந்த நிலையங்களிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. பம்பாயில் பதிவுசெய்து கொழும்புக்கு அனுப்பப்பட்ட அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' என்னும் திரைப்பாடல் நிகழ்ச்சி அதே 1952ஆம் வருஷத்து டிசம்பரில் தொடங்கியது தற்செயலன்று. நல்ல சங்கீதத்தை வளர்க்க வேண்டுமென்ற அவாவில் கேஸ்கர் செய்த காரியம், ரசிகர்களை ராகத்தின் பக்கம் திருப்பாமல் ரேடியோ முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பிற்று. 1957 அக்டோபர் 3ஆம் தேதி சினிமாப் பாட்டுக்கு இடமளிக்கும் 'விவித பாரதி' ஒலிபரப்பு தொடங்கியபோது அரசாங்கம் தன் தோல்வியை ஒருவாறு ஒப்புக்கொண்டது எனலாம்.

இவ்விடத்தில்தான் பெயர் பற்றிய வேறுபாடு தெளிவாகிறது. விகனில் அறிவிப்பாளரே பெயரை மறைத்தார். இந்தியாவில் அரசாங்கம் மறைத்தது. கொழும்பிலோ பெயரைச் சொல்வதே கலையாயிற்று. எஸ். பி. மயில்வாகனன் தொடங்கி, கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் என்று வளர்ந்த தமிழ் வர்த்தக ஒலிபரப்பின் அறிவிப்பாளர் பரம்பரை, படம், பாடியவர், இசையமைத்தவர், பாட்டெழுதியவர் என்று ஒவ்வொன்றையும் ஐயமற உச்சரித்துவிட்டே தட்டைத் தொட்டது. 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டே அடுப்பு மூட்டிய இல்லத்தரசிக்கு மெட்டமைத்தவர் இன்னாரென்று தெரிந்திருந்தது என்றால், அதற்குப் பத்திரிகை காரணமன்று; இவர்களே காரணம். மயில்வாகனனின் துரிதமும், ராஜாவின் குரலில் கொப்பளித்த உற்சாகமும், ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை; எனினும் பெயரை விழுங்காமல் சொல்லும் ஒழுக்கம் மூவருக்கும் பொது. அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' அந்த ஒழுக்கத்தின் பலனை அறுவடை செய்தது: பல்லவியும் சரணமும் நினைவில் அடுக்கி வைத்திருந்த ஒரு தலைமுறை ஏற்கெனவே தயாராக இல்லாவிடில் அத்தகைய போட்டி நடந்திருக்கவே முடியாது.

இனி, இந்த ஒலி எட்டிய இடங்களில் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெடுமங்காடு தாலுகாவில், பொன்முடி மலையின் அடிவாரத்தில், வாமனபுரம் ஆற்றோடு கலக்கும் கல்லாற்றின் கரையில் அமைந்தது கல்லாறு என்னும் சிற்றூர். இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளோடு மலைப்பாதை ஏறத் தொடங்குவது இங்கிருந்துதான். மேலே பொன்முடி, போணக்காடு தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறைகளாக உழைத்து வந்தனர். 1956 நவம்பர் 1ஆம் தேதி ராஜ்யங்கள் சீரமைக்கப்பட்டபோது, அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர, நெடுமங்காடு கேரளத்தில் நின்றது. அரசியல் எல்லைப்படி இவ்வூர்த் தமிழருக்குத் தமிழின் தலைநகரம் சென்னை. ஆனால் நேர்கோட்டில் அளந்தால் சென்னை ஏறத்தாழ 600 கிலோமீட்டர், கொழும்பு ஏறத்தாழ 360 கிலோமீட்டர்தான். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பரில்தான் வந்தது. அதுவும் மலைத்தொடருக்கு அந்தப் பக்கத்தில்.

வானொலி அலையின் இயல்பையும் இங்கே கவனிக்க வேண்டும். பகலில் மத்திய அலை தரையோடு தவழ்ந்து வருவதால் மலையின் மறைவிலுள்ள பள்ளத்தாக்கில் மங்கிப்போகும். சிற்றலையோ வானமண்டலத்தின் மின்னூட்டப் படலத்தில் பட்டு மேலிருந்து இறங்குவதால் மலை அதற்கு அத்தனை பெரிய தடையன்று. இரவில் மத்திய அலையும் அவ்வாறே வானிலிருந்து திரும்பும். நடுவில் கடல் இருப்பின் இன்னும் நல்லது. வால்வு ரேடியோவின் குமிழை மயிரிழை திருப்பி, கூவென்ற ஊளைக்கும் கரகரப்புக்கும் நடுவே கொழும்பைப் பிடித்து, ஒலி அலைபோல் ஏறி இறங்குவதைப் பொறுத்துக்கொண்டு கேட்கும் பழக்கம் தென் திருவிதாங்கூரிலும் தமிழகத்தின் தென்கோடியிலும் சாதாரணமாயிருந்தது. இது தமிழருக்கு மட்டும் உரிய அனுபவமும் அன்று: சரோஜினி சிவலிங்கம் கொழும்பிலிருந்து மலையாளத் திரைப்பாடல்களைத் தொகுத்து வழங்கியதைக் கேரளத்தின் மூத்த ரசிகர்கள் இன்றும் நன்றியோடு குறிப்பிடுகிறார்கள். மலையாளிக்கு மலையாளப் பாட்டைத் தர ஒரு பெண்மணி அயல்நாட்டிலிருந்து பேச வேண்டியிருந்தது என்பது, கேஸ்கரின் கொள்கை விளைவித்த விசித்திரங்களில் ஒன்று.

வானொலி கற்பித்த ரசனையை ஊருக்குள் நடைமுறைப்படுத்தியவர் மைக் செட்காரர். கல்யாண வீட்டிலும் கோவில் திருவிழாவிலும் தென்னைமரத்தில் குழாயைக் கட்டிவிட்டு, கீழே பந்தலோரத்தில் தட்டுப்பெட்டியோடு அமர்ந்திருந்த அவரை எந்த ஆய்வாளரும் டிஸ்க் ஜாக்கி என்று அழைத்ததில்லை. ஆயினும் அவர் செய்தது அதே வேலைதான். 78 சுற்றுத் தட்டு ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேலே ஓடும். அதற்குள் அடுத்த தட்டைத் தேர்ந்து, உறையிலிருந்து உருவி, ஓரத்தை மட்டும் பிடித்துத் துணியால் துடைத்து, தேய்ந்த எஃகு ஊசியைக் கழற்றி எறிந்து புது ஊசி முடுக்கி, முதல் வளையத்தில் கரகரவென்று இறக்க வேண்டும். பிள்ளையார் பாட்டில் தொடங்குவதும், முகூர்த்த நேரத்தில் சோகப்பாட்டு வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் எழுதப்படாத விதிகள். நேற்று கொழும்பில் போட்ட பாட்டை இன்று கேட்டு வருவோருக்கு அவர் விடை சொல்லியாக வேண்டும். விகனின் மேடையில் நின்றவர்களைப்போல் இவர் தட்டை மறைக்கவில்லை; மறைத்தும் பயனில்லை, பெயர் முன்பே காற்றில் வந்து ஊரெல்லாம் பரவிவிட்டது.

கொழும்பு அறிவிப்பாளர்களைத் துறவிகளாக்கிக் காட்டுவது எமது நோக்கமன்று. அவர்கள் பேசியது பற்பசைக்கும் சோப்புக்கும் இடையில். பட முதலாளிகளின் தயவும் வேண்டியிருந்தது. வடபுல ஸோல் அபிமானிகள் செய்ததுபோல் உலகம் மறந்த ஒன்றைப் புழுதியிலிருந்து மீட்கும் சாகசம் அவர்களுடைய அன்றாடப் பணியில் குறைவு. பெரும்பாலும் புதுத்தட்டுகளையே அவர்கள் போட்டார்கள். காலம் செல்லச் செல்லத்தான், 1967இல் கூட்டுத்தாபனமாக மாறிய கொழும்பு நிலையத்தின் தட்டறை, சென்னையிலேயே கிடைக்காத பழம்பாடல்களின் உறைவிடமாயிற்று; அதே ஆண்டு நவம்பரில் விவித பாரதியும் விளம்பரம் ஏற்கத் தொடங்கியதால் வர்த்தகம் மெல்ல இந்தியாவுக்குத் திரும்பியது; 1983க்குப் பின் இலங்கையில் தமிழர் வாழ்வே நிலைகுலைந்தபோது அந்த ஒலிபரப்பின் பழைய செல்வாக்கும் தேய்ந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் கொழும்பு விகனைவிட உயர்ந்தது என்றே சொல்வோம்: விகனின் ரசிகர் உண்மையான பாடகரை அறிய வருஷக்கணக்கில் துப்பறிய வேண்டியிருந்தது, கொழும்பின் ரசிகருக்கு அது முதல் நாளே, செலவில்லாமல், பிழையில்லாமல் கிடைத்தது.

இங்கிலாந்தில் நார்தர்ன் ஸோல் தட்டுகளுக்கு விலைப்பட்டியல் நூல்கள் உண்டு. எந்த நிறுவனம், எந்த எண், எத்தனை பிரதி என்பதுவரை குறித்திருக்கிறார்கள். நம்மிடத்தில் மைக் செட்காரர்களின் தட்டுப்பெட்டிகள் பரணிலும் தொழுவத்திலும் கிடந்து, கடைசியில் எடைக்குப் போகின்றன. கல்லாறு, விதுரை, நெடுமங்காடு பக்கங்களில் அத்தகைய பெட்டி யார் வீட்டிலாவது இருக்குமாயின், அதை அப்புறப்படுத்தும் முன் ஒவ்வொரு தட்டின் சீட்டிலுமுள்ள பெயர்களையும், அச்சீட்டை ஒட்டிய வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி, அருகிலுள்ள வாசகசாலையில் சேர்ப்பித்துவிடுங்கள். வாசகசாலை இல்லாத ஊர் கேரளத்தில் அரிது.