யோகா பண்றேன், பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா டாக்டர்? (த்ரெட்)

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து கர்ப்பிணிகள் இப்போ அடிக்கடி கேட்கிற கேள்வி இது. நிறுத்தாதீங்கம்மா. காரணம் தெரியணும்னா கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

பிரசவ நேரத்து வலிப்பை காத்து கருப்புன்னு நம்ம ஊர்ல வேப்பிலை அடிச்ச காலம் உண்டு. லண்டன் டாக்டர்களுக்கும் அப்போ பெருசா எதுவும் தெரியாது. 1843-ல் லீவர் என்பவர், வலிப்பு வந்த தாய்மார்களின் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தார். புரதம் திரிந்து வந்தது. இன்னைக்கும் செக்கப்புக்கு வந்தா யூரின் கேட்கிறோமே, அதோட ஆரம்பம் அதுதான். கையில் பட்டை கட்டி பிரஷர் பார்க்கும் கருவியை இத்தாலியின் ரிவா ரோச்சி 1896-ல் தான் கொண்டு வந்தார்.

சரி, வலிப்புக்கு மருந்து? இதுல நம்ம சென்னைக்கும் பங்கு இருக்கு. டாக்டர் கிருஷ்ண மேனன், மூன்று மயக்க மருந்துகளைக் கலந்து கொடுக்கும் முறையை 1961-ல் எழுதினார். இந்தியா முழுக்க பல வருஷம் அதுதான் வைத்தியம்.

இன்னொரு பக்கம் அமெரிக்காவில் 1920-களிலேயே மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டாங்க. வேற ஒண்ணுமில்ல, நம்ம பேதி உப்புதான்! எது சிறந்ததுன்னு பெரிய சண்டை. இந்தியா உட்பட பல நாடுகளில் 1687 பெண்களிடம் நடந்த ஆய்வு 1995-ல் முடிவு சொன்னது: டயசிபாமை விட மெக்னீசியம் கொடுத்தவர்களுக்கு மறுபடி வலிப்பு வரும் ஆபத்து 52% குறைவு.

இப்போ யோகா. பெங்களூரில் 335 கர்ப்பிணிகளை வைத்து 2005-ல் வெளியான ஆய்வில், தினம் ஒரு மணி நேரம் யோகா செய்தவங்களுக்கு கர்ப்பகால பிரஷர் குறைவாத்தான் வந்தது. நல்ல செய்திதான், மறுக்கல. ஆனா அது குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு இல்லை. அதோட, வராம தடுக்குதான்னு பார்த்த ஆய்வு அது. வந்த பிரஷருக்கு மாத்திரைக்குப் பதில் யோகான்னு அது சொல்லவே இல்லை.

விருதுநகர் மருத்துவக் கல்லூரி 2022-ல் தான் வந்தது. அதுவரை சீரியஸ் கேஸ்னா மதுரைதான், ராஜபாளையத்திலிருந்து 80 கி.மீக்கு மேல. வழியிலேயே வலிப்பு வந்துடக் கூடாதுன்னுதான், ஆம்புலன்ஸ் ஏத்துறதுக்கு முன்னாடியே இடுப்பில் பக்கத்துக்கு 5 கிராம் மெக்னீசியம் போட்டு அனுப்புறது. ஊசி பயங்கரமா வலிக்கும், திட்டிக்கோங்க.

தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தா அன்னைக்கு யோகா வேண்டாம். பாயைச் சுருட்டி வச்சுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க, ராத்திரி ரெண்டு மணியானாலும்.