கான்பான்: வேலையை நிறுத்தச் சொல்லும் அட்டை

சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை பார்க்கிறவங்களுக்கு 'கான்பான் போர்டு' புதுசு இல்ல. செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்ததுன்னு மூணு கட்டம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை. நானும் தினமும் பார்க்கிறேன். ஆனா, டொயோட்டா தொழிற்சாலையில இந்த முறை பிறந்தப்போ, அது வேலையைப் பட்டியல் போடுற கருவியா இல்ல. வேலையை நிறுத்துற கருவியா இருந்தது. அந்த வரலாறுதான் இன்னைக்கு.

1949. போருக்குப் பிந்தைய ஜப்பானில் விலைவாசியை அடக்க, டெட்ராய்ட் வங்கியாளர் ஜோசப் டாட்ஜ் வகுத்த கடுமையான சிக்கனத் திட்டம் அமலுக்கு வருது. விலைவாசி அடங்குச்சு, கூடவே பணப்புழக்கமும் வற்றிப்போச்சு. டொயோட்டாவின் லாரிகளை வாங்க ஆளில்லை. விற்ற வண்டிகளுக்கும் பணம் வசூலாகல.

திவாலாகும் நிலையில் இருந்த கம்பெனிக்கு வங்கிகள் கூட்டாகக் கடன் கொடுத்தன, நிபந்தனைகளோட. விற்பனைக்குத் தனிக் கம்பெனி வேணும். அது எத்தனை வண்டி விற்க முடியும்னு சொல்லுதோ, அத்தனைதான் தயாரிக்கணும். ஆட்குறைப்பும் செய்யணும். 1950 ஏப்ரலில் 1,600 பேரை வெளியே அனுப்பும் திட்டத்தை நிர்வாகம் முன்வைத்தது. தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினாங்க. ஜூனில் கம்பெனியைத் தொடங்கிய கிய்ச்சிரோ டொயோடா தலைவர் பதவியிலிருந்து விலகினார். அந்த மாசக் கடைசியில் கொரியப் போர் வெடிச்சு, அமெரிக்க ராணுவத்தின் லாரி ஆர்டர்கள் வந்து கம்பெனியைக் காப்பாத்தின. விற்காததைத் தயாரிச்சா என்ன ஆகும்னு அங்கே எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு.

அந்தத் தொழிற்சாலையின் எந்திரப் பட்டறைக்குப் பொறுப்பாக இருந்தவர் தாயிச்சி ஓனோ. அப்போ மாசத்தோட முதல் பாதி முழுக்க பாகங்களுக்காகக் காத்திருப்பு. கடைசி நாட்களில் அவசர அவசரமா வண்டிகளைப் பூட்டி முடிக்கிற ஓட்டம். திட்ட அட்டவணைப்படி ஒவ்வொரு பிரிவும் செய்து, அடுத்த பிரிவுக்குத் தள்ளிவிடும். அடுத்தவருக்கு இப்போ அது தேவையான்னு யாரும் கேட்கிறதில்ல.

ஓனோ இதைத் தலைகீழாக்கினார். அமெரிக்க சூப்பர்மார்க்கெட் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். வாடிக்கையாளர் எடுத்தது எவ்வளவோ, அலமாரியில் திரும்ப அவ்வளவு நிரப்புவாங்க. 1953-ல் இந்த முறையைத் தன் பட்டறையில் புகுத்தினார். அவர் அமெரிக்கா போனதே 1956-ல்தான்!

நடைமுறை எளிமையானது. ஒரு பெட்டியில் 20 கியர், ஒரு பெட்டிக்கு ஒரு அட்டை, மொத்தம் 5 அட்டைன்னு வெச்சுக்குவோம். அடுத்த பிரிவு ஒரு பெட்டியை எடுத்தா, அதன் அட்டை திரும்பி வரும். வந்தாத்தான் இன்னொரு 20 செய்யலாம். ஆக, 100-க்கு மேல் கியர் சேர வாய்ப்பே இல்ல. அட்டை வரலைன்னா? எந்திரம் சும்மா நிற்கும். நிற்கணும்.

இதுக்காகத் திட்டமிடலை ஓனோ தூக்கிப்போடல. இறுதிப் பிரிவு ஒரு நாள் அள்ளிக்கிட்டு, மறுநாள் ஒண்ணுமே எடுக்கலைன்னா, பின்னாடி இருக்கிற எல்லாப் பிரிவும் தடுமாறும். அதனால மாசத் திட்டத்தை முன்கூட்டியே வகுத்து, வண்டி வகைகளைக் கலந்து, ஒவ்வொரு நாளும் ஒரே சீராக ஓடும்படி செஞ்சாங்க. பெரிய கணக்கு திட்டத்தில். 'இப்போ செய்' என்ற உத்தரவு அட்டையில். கம்பெனி முழுக்க இது பரவ 1962 வரை ஆச்சு.

ஏன் இவ்வளவு காலம்? சும்மா நிற்கும் எந்திரமும் ஆளும் நஷ்டம்னுதான் மேலாளர்கள் நம்பினாங்க. ஓனோவுக்கோ, தேவைக்கு மேல் செய்வதுதான் எல்லாவற்றையும்விட மோசமான விரயம். ஏன்னா அது மற்ற தவறுகளை எல்லாம் குவியலுக்கு அடியில் மறைச்சிடும்.

நம்ம போர்டுகளில் அட்டைகள் வந்தாச்சு. அட்டைக்கு ஒரு உச்சவரம்பு மட்டும் பல இடங்களில் வரல. நடுக் கட்டத்தில் நாற்பது அட்டை தொங்கினா அது கான்பான் இல்ல, வெறும் சுவர். உங்க டீமில் அந்த எண்ணை யார் தீர்மானிக்கிறாங்க, அது நிரம்பினா "இனி எடுக்காதே"ன்னு சொல்ற தைரியம் யாருக்கு இருக்குன்னு விசாரிச்சுப் பாருங்க.