புகைக்கூட நெருப்பு உணர்த்தும் பாடம்

மாடமாளிகைகள் மலிந்த இன்றைய சுபாங் ஜெயா, முன்னாளில் சீபீல்டு தோட்டமாக விளங்கிய நிலமாகும். 1976-இல் அங்கு நகர் எழத் தொடங்கியது. அதற்கு முன் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் எரிந்த நெருப்பின் வரலாற்றை மாணவர் அறிதல் நன்று.

உருளைகளில் அழுத்தப்பெற்ற இரப்பர் தகடுகள் புகைக்கூடத்தில் சில நாள் உலர்த்தப்பெற்றன. அதற்கு விறகானது, பால் வற்றி வெட்டப்பெற்ற இரப்பர் மரமே. மீண்டும் கன்று நட்டமையால் விறகும் மீண்டும் விளைந்தது. 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வாணிகச் செம்பனைச் சாகுபடி தொடங்கிற்று. செம்பனை ஆலைகள் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்தே நீராவி பெறுகின்றன.

புதுப்பிக்கத்தக்க வெப்பம் என உலகம் இன்று போற்றுவதை நம் முன்னோர் அன்றே கையாண்டனர். ஆயினும், நெருப்பைக் காத்தவர்க்குக் கூலி கிடைத்ததேயன்றி ஆதாயத்தில் பங்கு கிடைக்கவில்லை. 1950-ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பலர் வேலையையும் வீட்டையும் இழந்தனர்.

இந்நிலையை மாற்றவே 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பாட்டாளிகள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தால் 1961-இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பெற்றது. நிலம் உரிமையாயின் அதில் விளையும் விறகும் வருவாயும் உரிமையாகுமன்றோ?

இன்று கொட்டை ஓடு விலைபெறும் எரிபொருள். கூரைமேல் வெயிலால் நீரைச் சூடாக்கும் கருவியைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் தனித்தொழில்கள். அறிவைப் பள்ளி ஊட்டலாம். முதலைக் கூட்டுறவு திரட்டலாம். நெருப்பைக் காத்த சமுதாயம் இனி அதன் பயனையும் துய்க்கட்டும்.