ஒரு பெட்டிக்குள் மூன்று சர்வர்: மெய்நிகராக்கம் நம்ம ஊருக்கு வந்த கதை

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததையும், ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் விழுந்ததையும் இந்த மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நஷ்டத்துக்கு முன்னால் நான் சொல்லப்போவது ரொம்பச் சின்ன விஷயம். மஞ்சக்குப்பத்தில் நான் கணினி பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறிய அலுவலகத்தில் மூன்று சர்வர்கள் இருந்தன. கரண்ட் வந்ததும் இரண்டு எழுந்தன, ஒன்று எழவில்லை. ஓட்டு வழியாக இறங்கிய மழைத்தண்ணி மதர்போர்டில் போய்விட்டது.

ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இருந்தது. ஆறு வருஷக் கணக்கு அதில்தான். ஆனா அதைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினால் பழைய விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடும். பழைய போர்டுக்கு ஏற்ற டிரைவர்தான் அதற்குத் தெரியும். கணக்கு மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுப் போய்விட்டார். புதிதாக நிறுவ சிடியும் இல்லை. அதே மாடல் போர்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் கிடைக்கலை. "எல்லாம் பத்திரமா இருக்குன்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் சார் திறக்க முடியல?" என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. பதில் தேடித்தான் சர்வர் மெய்நிகராக்கம் பக்கம் போனேன். எப்படி அமைப்பது என்று கற்கப் போனவன், இது எப்போது வந்தது என்ற தேடலில் மாட்டிக்கொண்டேன்.

நான் இதைப் புதுத் தொழில்நுட்பம் என்று நினைத்திருந்தேன். ஆனா இதன் வயசு அப்போதே 45 ஆகியிருந்தது.

1960களில் கணினி என்றால் ஒரு அறையை அடைக்கும் இயந்திரம். விலையும் அப்படி. ஒருவர் தனியாக வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகாது, அதனால் பலரும் பங்கு போட்டாக வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், கேம்பிரிட்ஜ் ஊரில் ஐபிஎம் ஒரு ஆய்வு மையம் வைத்திருந்தது. அங்கே ராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ குழுவினர் வேறு மாதிரி யோசித்தார்கள். ஒரே இயங்குதளத்துக்குள் பல பேரை உட்கார வைக்காமல், ஒவ்வொருவருக்கும் ஒரு முழு கணினி இருப்பது போலக் காட்டினால் என்ன? அப்படிப் பிறந்ததுதான் சிபி-40. மாற்றியமைத்த சிஸ்டம்/360 மாடல் 40 இயந்திரத்தில் 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே இயந்திரத்தில் 14 மெய்நிகர் கணினிகள் வரை ஓடின.

சூட்சுமம் இதுதான். உள்ளே ஓடும் இயங்குதளம் தன்னை முதலாளி என்று நினைத்துக்கொண்டு வன்பொருளுக்கு நேரடியாக ஒரு கட்டளை போடும். வன்பொருள் அதைச் செய்யாமல் நிறுத்தி, அடியில் இருக்கும் கட்டுப்பாட்டு நிரலிடம் ஒப்படைக்கும். அந்த நிரல் அவர் சார்பில் செய்துவிட்டுப் பதிலைக் கொடுக்கும். இயங்குதளத்தின் மையத்துக்கு அந்தக் காலத்தில் 'சூப்பர்வைசர்' என்று பெயர். அதற்கும் மேலே அதிகாரம் உள்ளது என்பதால் இது 'ஹைப்பர்வைசர்'.

1972 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஐபிஎம் இதை விஎம்/370 என்று விற்பனைக்கு அறிவித்தது. அடுத்த வருஷமே, 1973இல், சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370/155 வந்து இறங்கியது. இதைப் படித்ததும் 'அட, நம்ம தமிழ்நாட்டுக்கு அப்பவே வந்துடுச்சு' என்று துள்ளினேன். அவசரப்பட்டுவிட்டேன். 1970இல் அறிவித்த வடிவத்தில் 155 மாடலில் முகவரி மாற்றும் வன்பொருள் கிடையாது; அது இல்லாமல் விஎம்/370 ஓடாது. ஏற்கெனவே 155 வாங்கியவர்கள் தனியாகக் காசு கொடுத்து மேம்படுத்திக்கொள்ள வேண்டும். பெயரில் 370 இருந்தால் மட்டும் போதாது, உள்ளே அந்த வசதி இருக்கா என்று பார்க்கணும். இதே பாடம் நாற்பது வருஷம் கழித்து எனக்கும் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1974இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் இருவரும், ஒரு பிராசசர் மெய்நிகராக்கத்துக்கு ஏற்றதா என்று சொல்ல ஒரு இலக்கணம் வகுத்தார்கள். ஆபத்தான எந்தக் கட்டளையும் நிறுத்தப்பட்டு ஹைப்பர்வைசரிடம் வந்தாகணும் என்பது அதன் சாரம். பின்னால் உலகம் முழுக்கப் பரவிய இன்டெல் எக்ஸ்86 குடும்பம் இந்த இலக்கணத்தில் தேறவில்லை. பென்டியத்தில் இப்படிப் பிடிபடாமல் நழுவும் கட்டளைகள் 17 என்று 2000இல் ஒரு ஆய்வு பட்டியல் போட்டது.

1998இல் தொடங்கிய விஎம்வேர் அதைச் சுற்றிக்கொண்டு போனது. நழுவும் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதி, 1999இல் சாதாரண பிசியிலேயே மெய்நிகர் கணினியை ஓட்டிக் காட்டியது. 2001இல் சர்வருக்கான ஈஎஸ்எக்ஸ். 2003இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து சென். 2005இல் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் பிராசசரிலேயே குறையைச் சரிசெய்தன. அந்த வசதியை நம்பி அவி கிவிட்டி எழுதிய கேவிஎம், 2007 பிப்ரவரியில் லினக்ஸ் கெர்னல் 2.6.20க்குள் சேர்ந்தது. அதன் மேல் கட்டியதுதான் வியன்னாவிலிருந்து வரும் பிராக்ஸ்மாக்ஸ், 2008 முதல்.

காரணம் தலைகீழாக மாறியதைக் கவனியுங்க. அறுபதுகளில் கணினி பற்றாக்குறை, அதனால் பங்கு போட்டார்கள். இரண்டாயிரங்களில் கணினி மலிந்து, ஒரு வேலைக்கு ஒரு சர்வர் என்று வாங்கி அடுக்கி, பாதிக்கு மேல் சும்மா சூடாகிக்கொண்டிருந்தன. அதனால் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

2012இல் நான் பிராக்ஸ்மாக்ஸை ஒரு செகண்ட்ஹேண்ட் பெட்டியில் நிறுவினேன். மெய்நிகர் கணினி கிளம்பவே இல்லை. இரண்டு நாள் வீண். பிராசசரில் வசதி இருக்கு, பயாஸில் அதை அணைத்து வைத்திருந்தார்கள். 370/155 ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டேன். அப்புறம் இறந்த சர்வரின் டிஸ்க்கை முழுசாக ஒரு கோப்பாக நகலெடுத்தேன். உள்ளே ரெஜிஸ்ட்ரியில் சாதாரண ஐடிஇ டிரைவரை இயக்கிவிட்டு, மெய்நிகர் கணினிக்கும் ஐடிஇ டிஸ்க் என்றே காட்டினேன். நீலத்திரை வரலை. பழைய லாகின் திரை வந்தது. முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 2006 ஏப்ரல் கணக்கைத் திறந்து பார்த்தார். ஒண்ணும் பேசலை.

அந்தத் தெம்பில் மற்ற இரண்டு சர்வர்களையும் அதே பெட்டிக்குள் ஏற்றினேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வரலை. முன்பு ஒரு பெட்டி போனால் ஒரு வேலை நிற்கும், இப்போ ஒரு பெட்டி போனால் மூன்றும் நிற்கும். தினமும் எடுத்த ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப் என்று நம்பியது அடுத்த தப்பு. அது அதே டிஸ்க்கில்தானே இருக்கு. சர்வர் இப்போது வெறும் கோப்பு என்பதால், வாரம் ஒருமுறை அதை வெளி டிஸ்க்கில் எடுத்து, பஸ் ஏறி 45 கிலோமீட்டர் தள்ளி சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் நண்பன் வீட்டில் வைத்தேன். அங்கே இன்னொரு பழைய பெட்டியில் அதை ஓட்டியும் பார்த்தேன். ஓடியது.

2015 மழை அந்தத் திட்டத்தின் ஓட்டையைக் காட்டியது. கடலூரில் தண்ணி, சிதம்பரத்திலும் தண்ணி. போனில் நண்பன் சொன்னான்: "டிஸ்க்கு பரண் மேல பத்திரமா இருக்குடா. கரண்ட்டும் இல்ல, நீ வர வழியும் இல்ல." இரண்டு பிரதி வைத்திருந்தேன், ஆனா இரண்டையும் ஒரே மழைக்குள் வைத்திருந்தேன். இப்போது மூன்றாவது பிரதி சேலத்தில் இருக்கிறது.

2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது. நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தியது. 2024இல் இலவச ஈஎஸ்எக்ஸ்ஐயும் நின்று, 2025இல்தான் திரும்பி வந்தது. அதை நம்பியிருந்தவர்கள் பலர் பிராக்ஸ்மாக்ஸ் பக்கம் வந்தார்கள்.

இத்தனை வருஷக் கதையில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். மெய்நிகராக்கம் ஒன்றைச் சார்ந்திருப்பதை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. மதர்போர்டை நம்பியிருந்தோம், பிறகு ஒரு பெட்டியை, பிறகு ஒரு கரையோரத்தை, பிறகு ஒரு கம்பெனியின் உரிமத்தை. கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பதும் அதைத்தான்: "இப்போ நீ எதை நம்பி இருக்கே? அது போச்சுன்னா என்ன செய்வே?" அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் நிறுவலைத் தொடங்குகிறோம்.