மூலையில் ஒரு பூ

பழந்துணியில் தைத்தது எதுவானாலும் வறுமையின் கைவேலை என்று சொல்லிவிடுகிறார்கள். பள்ளிகளில் தையல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் நான். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வைகளைப் பற்றியும் அதே பேச்சு வரும்போது என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

சித்தியரின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். 16ஆம் நூற்றாண்டு தொடங்கிப் போர்ச்சுக்கீசியர் அவர்களில் பலரை அடிமைகளாகக் கோவாவுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கிருந்து தப்பியவர்கள் எல்லை தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் நுழைந்தார்கள். ஹலியாள், எல்லாப்பூர், முண்டகோடு வட்டாரங்களில் இன்றும் அவர்கள் வழிவந்தவர்கள் வாழ்கிறார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் உண்டு. பழங்குடிப் பட்டியலில் இடம்பெற 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழந்துணியை அடுக்கிப் போர்வை தைப்பது அந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. வட கர்நாடகத்தில் ‘கவுதி’ என்று எல்லாரும் தைப்பதுதான். ஆனால் ஒரு சித்திப் பெண்ணின் போர்வையை அந்தக் குவியலில் தனியாக எடுத்துவிடலாம்.

அடியில் ஒரு பருத்திப் புடவையைத் தரையில் விரித்து, ஒரு மூலையில் தொடங்குவார்கள். நைந்துபோன சட்டையோ பாவாடையோ, அதில் நல்ல பாகத்தை வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, முந்தைய துண்டின் விளிம்பு மறையும்படி வைத்து, அடிப்புடவையோடு சேர்த்து ஓட்டுத் தையல் போடுவார்கள். விளிம்போடு ஒரு சுற்று வந்ததும் அதற்கு உள்வரிசை, பிறகு அதற்கும் உள்வரிசை. பெரும்பாலும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். இழுத்துக் கட்டச் சட்டம் கிடையாது, முன்கூட்டி வரைந்த படமும் கிடையாது. கிறிஸ்தவப் பெண்கள் சிலுவையையும் முஸ்லிம் பெண்கள் பிறையையும் துண்டுகளுக்கிடையே வைப்பதுண்டு.

ஊசி பிடித்தவர்களுக்குத்தான் இதன் கடினம் தெரியும். துணியடுக்கு தைக்கும்போது நடுவில் தொடங்கி வெளியே போங்கள் என்றுதான் பிள்ளைகளுக்கு நான் சொல்லிவந்தேன். அப்படிச் செய்தால் சுருக்கத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடலாம், மிஞ்சியதைக் கத்தரித்துவிடலாம். இவர்களோ நான்கு ஓரத்தையும் முதலிலேயே அடைத்துவிடுகிறார்கள். ஒரு வரிசையில் நூலைச் சற்று இழுத்துவிட்டாலும் மிஞ்சும் துணி போக இடமின்றி நடுவில் புடைத்துக்கொள்ளும். மேல்துண்டும் அடிப்புடவையும் ஒன்றுபோல நகர வேண்டும். உள்ளங்கையால் நீவி நீவித்தான் முன்னேற முடியும். கடைசித் துண்டின் அளவை மீந்த இடம்தான் சொல்லும். நடுவில் ஒரு சுருக்கமும் விழாமல் முடித்த போர்வையைக் காணும்போது, எத்தனை தேர்ந்த கை அது என்று நினைத்துக்கொள்வேன்.

அதோடும் வேலை முடியவில்லை. நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கி வைத்துத் தைப்பார்கள். அதற்கு ‘ஃபூலா’, அதாவது பூ, என்று பெயர். பூ வைக்காத கவந்தி அவர்களுக்கு அம்மணமாகத் தெரியும். அந்தப் பூவால் போர்வைக்கு ஒரு துளி சூடும் கூடாது. வெறும் சிக்கனத்துக்காகத் தைப்பவள் அந்தத் துணியையும் நேரத்தையும் மிச்சம் பிடித்திருப்பாள். கைக்குழந்தையின் போர்வையில் துண்டுகள் இன்னும் சிறியவை, நிறம் இன்னும் பளிச்சென்று இருக்கும். துண்டு சிறுத்தால் மடிக்க வேண்டிய ஓரம் பெருகும், தையலும் பெருகும். அத்தனை பாட்டையும் ஒரு பாட்டி பேரக்குழந்தைக்காக விரும்பி ஏற்கிறாள். இதை வறுமையின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் ஹென்றி ட்ரூவல் 2004இல் இந்த ஊர்களுக்கு வந்தார். அவர் துணையோடு பெண்கள் போர்வைக் கூட்டுறவு ஒன்றும் உருவானது. 2011இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள ஷோம்பர்க் மையம் கவந்திகளைக் காட்சிக்கு வைத்தது. அத்தகைய காட்சிகளுக்கு விளக்க அட்டை எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. யாருடைய பழந்துணி என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஊசி முதலில் எந்த மூலையில் இறங்கியது, எந்தத் துண்டு கடைசியாக நடுவை மூடியது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.