தொலைநோக்கி வில்லைக்கான காத்திருப்பு: சென்னை வானியல் வரலாற்றில் ஒரு பார்வை

தொலைநோக்கியின் வில்லைகளும் பிற உறுப்புகளும் நெடுங்காலம் தமிழகத்துக்குக் கடல் கடந்தே வந்தன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் தொடங்கிய நவீன வானியல், இலண்டனிலும் பாரிசிலும் செய்யப்பட்ட கருவிகளை நம்பியே வளர்ந்தது. கருவி கேட்டு எழுதுவது, கப்பல் வரும்வரை காத்திருப்பது, வந்தது பழுதானால் மறுபடியும் காத்திருப்பது என்பது அக்கால வானியலாளரின் அன்றாட நிலை. சில வேளைகளில் இக்காத்திருப்பு ஒருவரின் பதவிக்காலத்தையும் ஆயுளையும்கூடத் தாண்டியது. வெளியூர்க் கருவிக்குக் காத்திராமல் இங்கேயே பழுதுபார்க்கவும் செய்யவும் முனைந்தவர்களின் பணி இவ்வரலாற்றின் முக்கியப் பகுதியாகும்.

கண்ணருகு வில்லையின் பணி

வில்லைத் தொலைநோக்கியில் இரண்டு முக்கிய உறுப்புகள் உண்டு. முன்புறம் உள்ள பொருளருகு வில்லை தொலைவிலிருந்து வரும் ஒளியைத் திரட்டிப் பிம்பத்தை உண்டாக்குகிறது. கண்ணருகு வில்லை அப்பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. பொருளருகு வில்லையின் குவியத் தொலைவைக் கண்ணருகு வில்லையின் குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 1000 மி.மீ. குவியத் தொலைவுள்ள தொலைநோக்கியில் 25 மி.மீ. கண்ணருகு வில்லை பொருத்தினால் 40 மடங்கும், 10 மி.மீ. வில்லை பொருத்தினால் 100 மடங்கும் பெரிதாகத் தெரியும். கண்ணருகு வில்லை இல்லாத தொலைநோக்கியில் பிம்பம் உருவானாலும் கண்ணால் அதை உற்றுப் பார்த்து ஆராய முடியாது.

விண்மீன்களின் இடத்தை அளக்கும் பழைய கருவிகளில் இவ்வுறுப்புக்கு இன்னொரு பணியும் இருந்தது. அதன் பார்வைப் புலத்தில் மெல்லிய சிலந்தி நூல்கள் குறுக்காகக் கட்டப்பட்டிருக்கும். விண்மீன் ஒவ்வொரு நூலையும் கடக்கும் நொடியைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் குறிப்பார்கள்.

வானம் காத்திருப்பதில்லை

பிரெஞ்சு வானியலாளர் லெ ஜெந்தில், 1761ஆம் ஆண்டு சூரியனை வெள்ளி கடக்கும் நிகழ்வைப் புதுச்சேரியில் இருந்து காண்பதற்காக 1760இல் புறப்பட்டார். அவர் வந்து சேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானது. நிகழ்வு நாளன்று அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் துல்லியமான அளவீடு எதுவும் எடுக்க முடியவில்லை. அடுத்த நிகழ்வு 1769இல் வரவிருந்ததால் அவர் நாடு திரும்பாமல் இப்பகுதியிலேயே தங்கினார்.

1768இல் புதுச்சேரிக்கு வந்த லெ ஜெந்தில் அங்கு ஓர் ஆய்வகம் அமைத்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர் அவருக்கு நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பி உதவினர். காத்திருந்த மாதங்களில் அவர் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர்களிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்று, பிற்காலத்தில் அதைப் பற்றி எழுதினார். கருவியும் ஆளும் ஆயத்தமாக இருந்தும் 1769 ஜூன் 4 காலையில் மேகம் சூரியனை மறைத்தது. நிகழ்வு முடிந்த பிறகே வெயில் வந்தது. அதற்கு அடுத்த வெள்ளிக் கடப்பு 1874இல்தான் நிகழ்ந்தது.

கடல்வழியும் பருவமழையும்

சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்படும்வரை இங்கிலாந்திலிருந்து வரும் சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே வந்தன. பயணம் பல மாதங்கள் எடுத்தது. ஒரு வில்லை உடைந்தால் அச்செய்தி கப்பலில் போகவேண்டும். புதிய வில்லை செய்யப்பட்டு மறுபடியும் கப்பலில் வரவேண்டும். இதற்கே ஓராண்டு கழிந்துவிடும்.

சென்னையில் அக்காலத்தில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரமிட, சரக்குகள் மசூலா படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரை சேர்ந்தன. கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய இப்படகுகள் அலை மோதினாலும் உடையாமல் வளைந்துகொடுத்தன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை, புயலுக்கு அஞ்சிக் கப்பல்கள் சென்னைக் கரையைத் தவிர்த்தன. தீபாவளி தொடங்கி கிறிஸ்துமஸ் நெருங்கும்வரை உள்ள இக்காலம் கருவிக்குக் காத்திருப்போருக்கு வெறுங்காலமாகவே கழிந்தது.

லாம்டனின் தியோடலைட்டு

நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளந்து, பிற்காலத்தில் இந்தியப் பெரும் முக்கோண அளவை என்று பெயர்பெற்ற பணியைத் தொடங்கினார். கோணங்களை அளக்க அவருக்குத் தேவைப்பட்ட பெரிய தியோடலைட்டு இலண்டனில் வில்லியம் கேரி என்பவரால் செய்யப்பட்டது. ஏறத்தாழ அரை டன் எடையுள்ள அக்கருவி தொலைநோக்கியும் நுண்ணளவுகள் பொறித்த வட்டும் கொண்டது. அதை ஏற்றிவந்த கப்பல் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. மொரீஷியசுக்குக் கொண்டு போகப்பட்ட கருவியை, அறிவியல் பணிக்கு உரியது என்பதால், பிரெஞ்சு அதிகாரிகள் மரியாதையுடன் சென்னைக்கு அனுப்பிவைத்தனர்.

1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் இக்கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அளவுகள் பொறித்த வட்டு கோணலானது. புதிய கருவி இங்கிலாந்திலிருந்து வரவேண்டுமானால் பணி நெடுங்காலம் நின்றுவிடும். லாம்டன் அதைத் தாமே பிரித்து, ஏறத்தாழ ஆறு வாரங்கள் உழைத்து, வட்டைப் பழைய வடிவுக்கு இழுத்துக் கொண்டுவந்தார். அதே கருவியுடன் அளவைப் பணி தொடர்ந்தது.

நுங்கம்பாக்கம் ஆய்வகம்

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வான் ஆய்வகம் அமைத்தார். இங்கிலாந்துக்குப் புறப்படும்போது கருவிகளை அரசிடம் ஒப்படைத்தார். கம்பெனி அதை ஏற்று நடத்த, மைக்கேல் டாப்பிங் மேற்பார்வையில் 1792இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்குவதற்காக அங்கே நிறுத்தப்பட்ட கருங்கல் தூணில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் செய்தி பொறிக்கப்பட்டது. இத்தூண் மண்டல வானிலை மைய வளாகத்தில் இன்றும் உள்ளது.

பெட்ரியின் சிறிய கருவிகளைக் கொண்டே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணி நடந்தது. 1830இல் தாமஸ் டெய்லர் பொறுப்பேற்றபோதுதான் இலண்டன் டாலண்டு பட்டறையின் புதிய கருவிகள் பயனுக்கு வந்தன. அவற்றின் பயன் விரைவில் தெரிந்தது. 11,015 விண்மீன்களின் இடங்களைக் கூறும் டெய்லரின் பட்டியல் 1844இல் வெளியானது.

அவருக்குப் பின் வந்த வில்லியம் ஜேக்கப், நடுவரை வட்டக் கருவி ஒன்றை இலண்டன் டிரவுட்டன்–சிம்ஸ் நிறுவனத்திடம் கேட்டுப் பெற்றார். 1858இல் சென்னைக்கு வந்த அக்கருவியில் முறையான நோக்குகள் 1862இல்தான் தொடங்கின. அப்போது ஆய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன். கருவியைக் கேட்ட ஜேக்கப் அதே ஆண்டில் புனாவில் காலமானார்.

அக்கருவியால் மிகுந்த பயன் கண்டவர் ஆய்வகத்தின் முதல் உதவியாளரான சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் 'ஆர் ரெட்டிகுலி' என்னும் மாறொளி விண்மீனை அவர் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874 டிசம்பர் 9இல் நிகழவிருந்த வெள்ளிக் கடப்பைப் பொதுமக்களுக்கு விளக்கும் நூலை எழுதி, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட்டார். லெ ஜெந்தில் தவறவிட்ட நிகழ்வின் அடுத்த வாய்ப்பு இதுவே. அதற்கு இம்முறை உள்ளூர் வானியலாளர் ஒருவரே மக்களை ஆயத்தப்படுத்தினார்.

கோடைக்கானலில் ஒரு பட்டறை

1899இல் வானியல் பணி சென்னையிலிருந்து கோடைக்கானலுக்கு மாறியது. 1850இல் பாரிசிலிருந்து சென்னைக்கு வந்த தொலைநோக்கி திருத்தியமைக்கப்பட்டு மலையேறியது. 1907இல் அங்குச் சேர்ந்த ஜான் எவர்ஷெட், வாங்கிய கருவிகளோடு நின்றுவிடாமல் தமக்கு வேண்டிய நிறமாலைக் கருவிகளைத் தாமே வடிவமைத்துச் செய்துகொண்டார். சூரியக் கரும்புள்ளிகளில் வளிமம் புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை அவர் 1909இல் கண்டார். இது எவர்ஷெட் விளைவு எனப்படுகிறது.

கருவி செய்யும் இவ்வழக்கம் கோடைக்கானல் பணிமனையில் நிலைத்தது. சென்னையில் பிறந்த வைணு பாப்பு, சவ்வாது மலையில் உள்ள காவலூரில் புதிய ஆய்வகம் தொடங்கியபோது, 1968இல் அங்கு வைத்த முதல் 38 செ.மீ. தொலைநோக்கி கோடைக்கானலில் செய்யப்பட்டதே. 1972இல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10இல் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்களுக்கான சான்று இத்தொலைநோக்கியிலும் பதிவானது.

அடுத்ததாக 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே உருவாக்கப் பாப்பு முடிவு செய்தார். அதன் ஆடி பெங்களூருவில் ஏ.பி. ஜெயராஜன் தலைமையில் தேய்த்து மெருகேற்றப்பட்டது. ஆடியைத் தேய்ப்பது, சோதிப்பது, மறுபடி தேய்ப்பது எனப் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. தாங்கும் அமைப்பை வால்சந்த்நகர் தொழிலகம் செய்தது. தொலைநோக்கி முடிவடையுமுன் 1982 ஆகஸ்ட் 19இல் பாப்பு மியூனிக் நகரில் காலமானார். 1986 ஜனவரி 6இல் பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு வைணு பாப்பு தொலைநோக்கி எனப் பெயரிட்டார். ஜேக்கப்பைப் போலவே பாப்புவும் தாம் விரும்பிய கருவியில் விண்ணை நோக்கவில்லை. ஆனால் இம்முறை காத்திருப்பு ஒரு கப்பலுக்காக அன்று, உள்நாட்டுக் கைவேலை முடிவதற்காக.

இன்றைய பண்டிகைக் காலம்

இன்று ஆவடி, கோவில்பதாகை போன்ற புறநகர்ப் பகுதிகளில் உள்ள மாணவரும் இணையவழியில் கண்ணருகு வில்லை வாங்க முடியும். பெரும்பாலான சிறு தொலைநோக்கிகளில் 31.7 மி.மீ. குழல் பொதுவான அளவாக இருப்பதால், ஒரு நிறுவனத்தின் வில்லை இன்னொரு நிறுவனத்தின் தொலைநோக்கிக்கும் பொருந்தும். எனினும் தீபாவளி முதல் புத்தாண்டு வரை விற்பனை மிகுவதால் பொருள் தீர்ந்துபோவதும் தாமதமாவதும் வழக்கம். காத்திருப்பு மாதங்களிலிருந்து நாள்களாகச் சுருங்கினாலும் முற்றிலும் மறையவில்லை.

காத்திருப்பதில் வெளியே தெரியாத நன்மையும் உண்டு. சென்னையில் இக்காலம் வடகிழக்குப் பருவமழைக் காலம் ஆதலால் பல இரவுகள் மேகமூட்டமாகவே இருக்கும். தெளிந்த வானம் பொங்கலை ஒட்டியே அடிக்கடி அமையும். ஆனால் எல்லா நிகழ்வும் அதுவரை பொறுப்பதில்லை. 2019 டிசம்பர் 26இல் கோவை, திண்டுக்கல் வழியாகக் கங்கண சூரிய கிரகணம் கடந்தது. 2020 டிசம்பர் 21இல் வியாழனும் சனியும் மிக நெருங்கித் தோன்றின. இத்தகைய நாள்களுக்கு வேண்டிய வில்லைகளையும் சூரிய வடிகட்டிகளையும் சில மாதங்கள் முன்னதாகவே வாங்கி, வீட்டில் பொருத்திப் பார்த்துவிடுவது நல்லது. உரிய வடிகட்டி வந்து சேராவிட்டால் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. கையில் இருக்கும் ஒரே கண்ணருகு வில்லையைக் கொண்டே நிலவின் பள்ளங்களையும் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளையும் காண முடியும்.