அடவியில் தொடங்கும் பெயர்: டி. சி. ஜெர்டானும் மதராஸ் படை மருத்துவரின் வெளியுலகும்

வண்டலூர் உயிரியல் பூங்காவின் கதையைச் சொல்பவர்கள் எட்வர்ட் பால்ஃபரிடமிருந்து தொடங்குவது வழக்கம். மதராஸ் படையில் மருத்துவராக இருந்த பால்ஃபர் 1851இல் அரசு அருங்காட்சியகத்தை நிறுவினார். கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளைப் பெற்று, 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு காட்சிசாலையும் அமைத்தார். அது பின்னர் பூங்கா நகருக்குப் போய், 1985இல் வண்டலூர் காப்புக்காட்டுக்கு வந்து சேர்ந்தது. ஊரப்பாக்கத்தில் என் வீட்டு மாடியில் பின்னிரவில் நின்றால், ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகள் ஓயும் இடைவெளியில் சில நாள் சிங்கத்தின் உறுமல் கேட்கும். பால்ஃபருக்கு இதைவிட நல்ல நினைவுச்சின்னம் வேண்டியதில்லை.

விடிந்த பிறகு கேட்கும் குரல் வேறு. கல் நட்டு மனை பிரித்து இன்னும் வீடு எழும்பாத வெளிகளில், முள்செடியின் உச்சியிலிருந்து ஒரு சிறு பழுப்புப் பறவை விருட்டென்று மேலெழும்பி, கீச்சிட்டபடியே சிறகை விரித்துக் கால்களைத் தொங்கவிட்டு மெல்ல இறங்கும். ஆங்கிலத்தில் அதன் பெயர் ஜெர்டானின் புதர் வானம்பாடி. தாமஸ் காவர்ஹில் ஜெர்டானும் மதராஸ் படை மருத்துவர்தான், பால்ஃபரின் சமகாலத்தவர். ஆனால் அவருக்கு இந்த வட்டாரத்தில் கட்டடமும் இல்லை, பலகையும் இல்லை. அவர் விட்டுச் சென்றவை பெயர்கள் மட்டுமே. அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இத்தகைய மருத்துவர்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது ஒன்று: வைத்தியம் பிழைப்பு, பறவையும் பூச்சியும் பொழுதுபோக்கு. இந்தப் பிரிப்பை நான் ஏற்கவில்லை. கும்பினிப் படையில் போரில் மாண்டவர்களைவிடக் காய்ச்சலிலும் பேதியிலும் மாண்டவர்களே அதிகம். அந்தக் காலத்து மருத்துவம், சதுப்பிலிருந்தும் அழுகும் தழையிலிருந்தும் கிளம்பும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பியது. ஆகவே படை எங்கே கூடாரம் அடிக்கலாம், எந்தக் குளத்தங்கரை ஆகாது, எந்த மேடு நல்லது என்று பார்த்துச் சொல்வது மருத்துவரின் வேலை. பால்ஃபர் 1845இல் வெளியிட்ட ஒரு கட்டுரை படை முகாம்களுக்கு நலமான இடங்களைத் தேர்வது பற்றியதே. 1849இல் அவர் எழுதியது மரங்களுக்கும் மழைக்கும் உள்ள உறவு பற்றி. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக அவருக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை. கெட்ட காற்றுக் கோட்பாடு தவறு என்பதை இன்னொரு படை மருத்துவரான ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றைப் பிளந்து காட்டினார். ஆனால் அந்தத் தவறான கோட்பாடுதான் இரண்டு தலைமுறை மருத்துவர்களை மண்ணையும் நீரையும் செடியையும் உற்றுப் பார்க்க வைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஜெர்டான் 1811இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் பிறந்தவர். எடின்பரோவில் ராபர்ட் ஜேம்சனின் இயற்கை வரலாற்று வகுப்புகளைக் கேட்டுவிட்டு மருத்துவத்துக்கு வந்தார். 1836 பிப்ரவரியில் உதவி மருத்துவராக மதராசில் இறங்கினார். முதல் பணி கஞ்சம் பகுதியில், காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்த படையினரிடம். அந்த நோய்களைப் பற்றி அறிக்கை எழுதிய அதே மாதங்களில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பறவைகளையும் சேகரித்தார். 1837இல் இரண்டாம் இலகு குதிரைப்படைக்கு மாற்றப்பட்டுத் திருச்சிராப்பள்ளி, அங்கிருந்து படையோடு தக்காணத்தின் ஜால்னா. 1841இல் உதகையில் திருமணம். மனைவி ஃப்ளோராவுக்குச் செடிகளில், குறிப்பாக ஆர்க்கிட்களில், ஈடுபாடு. பின்பு நெல்லூர், தலச்சேரி, 1857இல் சாகர். கடலோரம், சமவெளி, பீடபூமி, நீலகிரி, மலபார் என்று ஒரு பறவை ஆய்வாளர் தானே திட்டமிட்டிருந்தாலும் இவ்வளவு பொருத்தமான பயணத்தை வகுத்திருக்க முடியாது. அதை வகுத்துக் கொடுத்தது இடமாற்ற உத்தரவு.

தொடக்கத்தில் அவரும் எல்லோரையும் போல, இங்கே சுடுவது, அங்கே அனுப்புவது, பெரியவர்கள் பெயர் சொல்லட்டும் என்றிருப்பது என்ற முறையைத்தான் நம்பினார். சேகரித்த பறவைத் தோல்களை ஸ்காட்லாந்தில் வில்லியம் ஜார்டினுக்கு அனுப்பினார். பெட்டி போய்ச் சேர்ந்தபோது அந்துப்பூச்சி அரித்திருந்தது. இந்திய இயற்கை ஆய்வில் அந்தப் பூச்சிக்கு உரிய மரியாதையை யாரும் செய்யவில்லை என்பது என் எண்ணம். அதற்குப் பிறகுதான் ஜெர்டான் தன் கண்ணையும் தன்னைச் சுற்றியிருந்தவர்களின் கண்ணையும் நம்பத் தொடங்கினார். 1839–40இல் மதராஸ் இலக்கிய, அறிவியல் இதழில் வெளிவந்த அவருடைய தீபகற்பப் பறவைப் பட்டியலில் 420 இனங்கள் இருந்தன. கர்னல் சைக்ஸ் அதற்கு முன் தந்த பட்டியலைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. உதகைக்குப் போகிறவர்கள் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் கேட்கும் நீலகிரிச் சிரிப்பானுக்கு அறிவியல் பெயர் சூட்டியவரும் அவரே, ஆண்டு 1839. 1843 முதல் 1847 வரை மதராசில் பகுதி பகுதியாக வெளியான அவருடைய படநூலுக்கு 50 வண்ணப்படங்கள். வரைந்தவர்களில் இந்திய ஓவியர்கள் உண்டு.

தன்னைச் சுற்றியிருந்தவர்கள் என்றேன். அவர்கள் யார்? நெல்லூரில் ஜெர்டான் யானாதிகளிடம் போனார். கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளையும் கடலோரப் புதர்களையும் அறிந்த வேட்டைக் குடிகள் அவர்கள். எந்தப் பறவை எப்போது வரும், எது எங்கே ஒளியும், எதற்கு என்ன பெயர் என்பதையெல்லாம் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1862–64இல் கல்கத்தாவில் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூலைப் புரட்டினால், லத்தீன் பெயருக்கும் ஆங்கிலப் பெயருக்கும் கீழே இந்துஸ்தானி, வங்காளி, தெலுங்கு, தமிழ் என்று நாட்டுப் பெயர்கள் வரிசையாக நிற்கும். எழுத்துக்கூட்டல் சில இடங்களில் சிரிப்பை வரவழைக்கும். ஆனால் வாய்விட்டுப் படித்தால் நம் காதுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும்.

அந்தப் பெயர்கள் வெறும் அலங்காரம் என்று கருதுபவர்களுக்கு ஒரே ஒரு பறவையின் கதை போதும். ஜெர்டான் கிழக்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் கண்டெடுத்து, கல்கத்தாவில் இருந்த எட்வர்ட் பிளைத் 1848இல் விவரித்த பறவை அது. முள்காட்டில் இரவில் ஓடியாடும். மார்பில் இரட்டைப் பட்டை. அதற்கு ஜெர்டான் குறித்து வைத்த தெலுங்குப் பெயர் 'அடவி' என்ற சொல்லில் தொடங்குகிறது. தமிழர்க்கும் பொருள் சொல்லத் தேவையில்லாத சொல். 1900க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் எழுதினர். 1986 ஜனவரியில் கடப்பை மாவட்டத்தில் அது மீண்டும் கிடைத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் அந்தப் பகுதி மக்களிடம் படத்தைக் காட்டித் தேடிக்கொண்டிருந்தார்; பறவையை இரவில் கையோடு பிடித்தவர் ஐதன்னா என்ற உள்ளூர் வேட்டைக்காரர். பூஷண் வந்து சேர்வதற்குள் அது செத்துப்போனது. ஆனாலும் 86 ஆண்டு மௌனம் கலைந்தது. அறிவியல் கைவிட்ட பறவையை மீட்டுத் தந்தது, ஜெர்டான் முதலில் எந்த வகை அறிவிடம் கையேந்தினாரோ அதே வகை அறிவு.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். ஜெர்டானும் துப்பாக்கி ஏந்தியவர்தான், அவருக்கு வழி திறந்துவிட்டது கும்பினி ஆட்சிதான், நூல்களை எழுத அவரைத் தனிப்பணியில் அமர்த்தியவர் வைஸ்ராய் கேனிங் என்று சொல்லலாம். எல்லாம் உண்மை. ஆனால் ஆட்சி என்ற ஒற்றைச் சொல்லால் அவரை விளக்கிவிட முடியாது. அதற்கு அவருடைய பாலூட்டிகள் நூலில் வரும் நீர்நாய் சாட்சி. தலச்சேரியில் அவர் வளர்த்த அந்த நீர்நாய் நாயைப் போலப் பின்னாலேயே வரும். வளர்ந்ததும் தனியாகக் கடைத்தெருவுக்குப் போய் மாப்பிளா முஸ்லிம் மீன்காரர்களிடம் மீனைப் பிடுங்கித் தின்னத் தொடங்கியது. எதிர்த்தால் பல்லைக் காட்டும். நஷ்ட ஈடு கொடுத்துச் சலித்த ஜெர்டான், அதைப் பெட்டியில் அடைத்து, ஏழெட்டு மைல் தள்ளிக் காயலில் படகில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேறு வழியாகத் திரும்பினார். அன்றிரவு முகரம் விழாப் பந்தலில் அவர் உட்கார்ந்திருந்தபோது, கூட்டத்தின் நடுவே நடந்து வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது. இதை மறைக்காமல் எழுதியவரிடம் ஆள்பவரின் மிடுக்கைக் காண்பது கடினம். கடைத்தெருவில் கடனாளியாக நிற்கும் ஒரு மனிதரைத்தான் நான் காண்கிறேன்.

பால்ஃபரும் ஜெர்டானும் பிரியும் இடமும் இதுதான். பால்ஃபர் வெளியுலகை உள்ளே கொண்டுவந்தார்: அருங்காட்சியகம், காட்சிசாலை, கலைக்களஞ்சியம். நகரத்து மக்கள் திரண்டு பார்த்தார்கள். அது பெரிய காரியம். ஜெர்டான் வெளியே போய்க் கேட்டார். எறும்பைக்கூட விடவில்லை. 1851இல் அவர் விவரித்த தென்னிந்தியக் குதிக்கும் எறும்பின் மரபணுத் தொகுதி 2010இல் வாசிக்கப்பட்டு, இன்று அது அமெரிக்க ஆய்வகங்களில் முதுமையையும் மூளையையும் ஆராயப் பயன்படுகிறது. 1868இல் ஓய்வு பெற்று, அசாமில் காய்ச்சலில் விழுந்து, 1870இல் தாயகம் திரும்பி, 1872இல் இறந்தார். பாலூட்டி, பறவை, ஊர்வன என்று எல்லா முதுகெலும்பிகளுக்கும் கையேடு வேண்டும் என்ற அவர் எண்ணம், பின்னாளில் வில்லியம் பிளான்ஃபோர்டு தொடங்கிய பெருந்தொகுதி வரிசைக்கு வழி விட்டது.

அவர் மீது எனக்குள்ள குறை வேறு. பறவையின் நாட்டுப் பெயரை எழுதிவைத்தவர், அதைச் சொன்ன ஆளின் பெயரை எழுதவில்லை. யானாதி என்ற இனப் பெயரோடு அந்த மனிதர்கள் நின்றுவிடுகிறார்கள். ஐதன்னா என்ற தனிப் பெயர் பறவையியல் ஏடுகளில் ஏற இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் அதே நிலையில் இருந்தவர்கள் இருளர்கள். 1978இல் அவர்கள் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இன்றும் இயங்குகிறது. அச்சங்கத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் ஃபுளோரிடா வரை போய் மலைப்பாம்பு தேடித் தந்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது, பெயர் சொல்லி. இந்தியாவில் நச்சுமுறி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் பாம்பு நஞ்சின் பெரும்பகுதி இந்த இருளர்களின் கைவழியே போகிறது. ஊரப்பாக்கம் ஏரிக்கரையில் பாம்பு கடித்தவரைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினால், அங்கே ஏற்றும் மருந்துக்குள் இருப்பது காட்டில் நடந்தவர் ஒருவரின் அறிவு. குப்பியின் மேல் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரும், தொகுதி எண்ணும், காலாவதி நாளும் அச்சிட்டிருக்கும்.